கதவைத் திறக்கும் முன்: பழுக்கவைக்கும் சேம்பர் நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சேலம் அம்மாபேட்டையிலும் அயோத்தியாப்பட்டணம் பக்கத்திலும் மாம்பழம், வாழைப்பழம் பழுக்கவைக்கும் சேம்பர் நடத்தும் மண்டிக்காரர்களுக்கும், அங்கே பொறுப்பில் இருக்கும் மேலாளர்களுக்கும்,

பங்குனி பிறந்து மாங்காய் வரத்துத் தொடங்கிவிட்டால் உங்களுக்கு நின்று பேச நேரம் இருக்காது. அதனால் முன்கூட்டியே எழுதுகிறேன். வாயு கண்டறியும் கருவிகளைச் சுவரில் மாட்டுவதும், பழுது பார்ப்பதும், அவை காட்டும் அளவு சரிதானா என்று பரிசோதிப்பதும் என் பிழைப்பு. உங்களிடம் ஒன்று கேட்கிறேன். சேம்பருக்குள் கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு இருக்கிறது என்பதை, கதவைத் திறக்கும் முன்பே வெளியில் நின்று படிக்க முடிய வேண்டும். படிக்கும் அந்த எண் உண்மையாகவும் இருக்க வேண்டும். முதலாவது பணம் கொடுத்தால் கிடைத்துவிடும். இரண்டாவதுக்கு ஆண்டு முழுக்கக் கவனம் தேவை. இந்த மடல் பெரும்பாலும் அதைப் பற்றியது.

முதலில் நீங்கள் செய்த நல்ல காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். கல் வைத்துப் பழுக்கவைக்கும் வழக்கத்தை விட்டு வந்தவர்கள் நீங்கள். கார்பைடு கல்லில் ஆர்செனிக், பாஸ்பரஸ் கலப்பு இருக்கும். அதற்கு 2011 உணவுப் பாதுகாப்பு விதிமுறைகளிலேயே தடை இருக்கிறது. பழத்தைப் பழுக்கவைக்க 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவு வரை எத்திலீன் வாயுவைப் பயன்படுத்தலாம் என்று 2016-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அனுமதித்தது. காப்புச் சுவர், குளிரூட்டி, ஈரப்பதம் கொடுக்கும் கருவி, எத்திலீன் ஜெனரேட்டர் என்று முதல் போட்டு அறை கட்டினீர்கள். மல்கோவாவும் இமாம்பசந்தும் நடுச்சாலையும் சாப்பிடுகிறவர் வயிற்றைக் கெடுக்காமல் கடைக்குப் போகின்றன. பரமத்தி வேலூர் ஏலத்தில் எடுத்த பூவனும் ரஸ்தாளியும் ஒரே சீராக நிறம் ஏறி வருகின்றன. சாப்பிடுகிறவருக்கு ஆபத்து குறைந்தது. ஆனால் இறுக்கமாக மூடிய அந்த அறைக்குள் போய்க் கிரேட் இழுக்கிற லோடுமேனுக்குப் பழைய குடோனில் இல்லாத ஓர் ஆபத்து வந்திருக்கிறது.

பறித்த காயும் மூச்சு விடுகிறது. ஆக்சிஜனை எடுத்துக் கார்பன் டை ஆக்சைடை வெளியே விடுகிறது. பழுக்கத் தொடங்கும்போது அந்த மூச்சு வேகமெடுக்கிறது. 20 டிகிரி வெப்பத்தில் ஒரு கிலோ மாங்காய் மணிக்கு 35 முதல் 80 மில்லி லிட்டர் வரை கார்பன் டை ஆக்சைடு விடும். 40 என்றே குறைத்துக் கணக்குப் போடுவோம். பத்து டன் காய்க்கு மணிக்கு 400 லிட்டர். காயும் கிரேட்டும் அடைத்தது போக அறையில் 50 கன மீட்டர் காற்று, அதாவது 50,000 லிட்டர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்தில் 0.8 சதவீதம், 8,000 பிபிஎம். வெளிக்காற்றில் இருப்பது 420 பிபிஎம் சொச்சம்தான். எட்டு மணி நேர வேலைக்கு 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை வகுத்திருந்த வரம்பு 5,000 பிபிஎம். கதவை அடைத்த நாற்பது நிமிடத்துக்குள் அந்த வரம்பு தாண்டிவிடுகிறது. நான்கு மணி நேரத்துக்குள் 30,000. அது பதினைந்து நிமிடத்துக்கு மேல் யாரும் இருக்கக் கூடாத அளவு என்று பல நாடுகள் ஏற்றுக்கொண்டது. இரவு அடைத்துக் காலையில் திறக்கிற சேம்பரில் என்ன இருக்கும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். கதவு இடுக்கில் கொஞ்சம் கசியும், ஆக்சிஜன் குறையக் குறையக் காயின் மூச்சும் தணியும் என்பதால் உண்மை எண் இதைவிடக் குறைவாக இருக்கலாம். எவ்வளவு குறைவு என்பதை ஊகத்துக்கு விடக் கூடாது, அளந்துதான் பார்க்க வேண்டும்.

இந்த வாயுவுக்கு நிறமில்லை, நமக்குத் தெரியும்படியான வாசனையும் இல்லை. சேம்பரைத் திறந்தால் மாம்பழ வாசனைதான் முகத்தில் அடிக்கும். மூன்று சதவீதத்தில் மூச்சு வாங்கும், தலை வலிக்கும். ஐந்தில் தலை சுற்றும், நெஞ்சு படபடக்கும். ஏழு, எட்டு, பத்து என்று போனால் சில நிமிடங்களில் நினைவு தப்பும். முதல் அறிகுறிகளை நம் ஆட்கள் வெயில் மேல் போடுவார்கள், காலையில் வெறும் வயிற்றில் வந்ததன் மேல் போடுவார்கள். அக்னி நட்சத்திரத்தில் வெளியே 40 டிகிரி கொதிக்கும்போது உள்ளே 20 டிகிரி. சாப்பாட்டுக்குப் பிறகு அந்தக் குளிர்ச்சியில் கிரேட்டுகளுக்கு இடையே கொஞ்சம் சாய்ந்துகொள்ளத் தோன்றாத மனிதன் யார்? அதனால் கதவு திறக்கிற நேரத்துக்கு மட்டும் காவல் வைத்தால் போதாது.

“எங்கள் சேம்பரில் ஏற்கெனவே சென்சார் இருக்கிறதே” என்று பலர் சொல்வீர்கள். இருக்கிறது, ஆனால் அது பழத்துக்காக இருப்பது. கார்பன் டை ஆக்சைடு ஒரு சதவீதத்தைத் தாண்டினால் எத்திலீனின் வேலையை மந்தமாக்கிவிடும். நிறம் திட்டுத்திட்டாக ஏறும். அதைத் தவிர்க்கத்தான் கண்ட்ரோலரில் அந்த சென்சாரைச் சேர்த்திருக்கிறார்கள். அது 10,000 பிபிஎம்மில் எக்ஸாஸ்ட் விசிறியை ஓடவிட்டால் பழம் நன்றாக இருக்கும். மனிதனுக்கு அந்த அளவே எட்டு மணி நேர வரம்பைப் போல இரண்டு மடங்கு. கண்ட்ரோலர் நின்றால், விசிறி எரிந்தால், அந்த சென்சாரும் சேர்ந்து பேசாமல் போகும். மனிதனுக்கென்று தனிக் கருவி, தனி மின்இணைப்பு, தனி அலாரம் வேண்டும்.

வாங்கும்போது ஏமாற இடம் நிறைய. கடையில் “கேஸ் டிடெக்டர்” என்று கேட்டால் சமையல் வாயுவுக்கானதைக் கொடுப்பார்கள். எரியாத வாயுவை அது கண்டுகொள்ளவே கொள்ளாது. கார்பன் மோனாக்சைடு கருவியும் வேறு. பெட்டியின் மேல் CO என்பதற்குப் பின்னால் ஒரு சின்ன 2 இருக்கிறதா இல்லையா என்பதில் ஓர் உயிர் இருக்கிறது. விலை மலிந்த காற்றுத்தர மீட்டர்கள் சிலவற்றில் கார்பன் டை ஆக்சைடு சென்சாரே கிடையாது. காற்றிலுள்ள கரிம ஆவிகளை வைத்து ஓர் எண்ணை ஊகித்துக் காட்டும். எத்திலீனும் பழ மணமும் நிறைந்த அறையில் அந்த ஊகத்துக்கு எந்த மதிப்பும் இல்லை. அகச்சிவப்பு ஒளியால் அளக்கும் என்டிஐஆர் வகையைக் கேளுங்கள். 4.26 மைக்ரான் அலைநீள ஒளியைக் கார்பன் டை ஆக்சைடு விழுங்கும். எவ்வளவு விழுங்கியது என்று பார்த்து அளவு சொல்லும் முறை அது. இன்னோர் அலைநீளத்தை ஒப்பீட்டுக்கு வைத்திருக்கும் இரட்டைக் கற்றைக் கருவியாக இருந்தால், விளக்கு மங்கினாலும் தூசி படிந்தாலும் கணக்கு எளிதில் தப்பாது. அளவெல்லை 0 முதல் 5 சதவீதம் வரை இருக்கட்டும். அலுவலக அறைக்கான 5,000 பிபிஎம் கருவியை மாட்டினால், 5,000 ஆனாலும் 50,000 ஆனாலும் அது ஒரே எண்ணில் நிற்கும்.

ஆக்சிஜன் மீட்டர் போதாதா என்றும் கேட்பார்கள். சேம்பரில் கார்பன் டை ஆக்சைடு 5,000 பிபிஎம் ஏறும்போது ஆக்சிஜன் 20.9-லிருந்து 20.4-க்குத்தான் இறங்கியிருக்கும். வழக்கமான 19.5 சதவீத அலாரம் அடிக்கும்போது உள்ளே 14,000 பிபிஎம் ஆகியிருக்கும். இரண்டும் இருந்தால் நல்லது. ஒன்றுதான் முடியும் என்றால் கார்பன் டை ஆக்சைடு கருவியையே வாங்குங்கள்.

மாட்டும் இடம் பற்றி ஒரு குழப்பம் உண்டு. இந்த வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது, ஆகவே தரையிலிருந்து ஓர் அடி, ஒன்றரை அடி உயரத்தில் மாட்டு என்பது பொது விதி. சிலிண்டர் கசியும் சோடாக் கம்பெனிக்கும் பள்ளமான இடத்துக்கும் அது மிகச் சரி. சேம்பரில் வாயு ஒரே இடத்தில் கசிவதில்லை, ஒவ்வொரு காயிலிருந்தும் வருகிறது. விசிறி ஓடும்வரை அறை முழுக்கக் கலந்தே இருக்கும். கலந்த வாயு தானாகப் பிரிந்து தரையில் தங்காது. ஆனால் கரண்ட் போய் விசிறி நின்றால் குளிர்ந்த காற்று கீழே படியும், அடுக்குகளுக்கிடையே தேங்கும். என் முடிவு, கதவுப் பக்கச் சுவரில், குனிந்து கிரேட் எடுப்பவரின் மூக்கு இருக்கும் உயரத்தில், தரையிலிருந்து மூன்றடிக்குள் மாட்டுவது. இரண்டு சென்சார் போட வசதியிருந்தால் இன்னொன்றை அறையின் கடைக்கோடியில் கீழே வையுங்கள். குளிரூட்டியின் காற்று நேராக அடிக்கும் இடமும், ஈரப்பதக் கருவி புகை போலத் தெளிக்கும் இடமும், கதவு திறந்தால் மறையும் மூலையும் ஆகாது. கிரேட் வண்டி இடிக்காமல் கம்பிக் கூண்டு ஒன்று போடுங்கள். சென்சார் முகம் கீழ்நோக்கி இருக்கட்டும். ஒயர் பெட்டிக்குள் நுழையும் முன் ஒரு வளைவாகத் தொங்கி மேலே ஏறட்டும். அப்போதுதான் ஒயர் வழி ஓடிவரும் தண்ணீர் உள்ளே இறங்காமல் வளைவில் சொட்டும். 90, 95 சதவீத ஈரப்பதத்தில் இந்த வளைவை விட்டுவிட்டால் ஒரே பருவத்தில் சர்க்யூட் பச்சை பூத்துவிடும்.

எண் காட்டும் திரை கண்டிப்பாக வெளியில், கதவுக்குப் பக்கத்தில். அலாரத்தைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். காய் பழுத்துக்கொண்டிருக்கும்போது ஆளில்லாத அறையில் 5,000-ஐத் தாண்டுவது இயல்பு. அந்த அளவுக்கே ஹூட்டரை வைத்தால் இரவும் பகலும் கத்தும். இரண்டாம் நாள் யாராவது ஒயரைப் பிடுங்கிவிடுவார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. 5,000-இல் கதவுக்கு மேல் சத்தமில்லாத சிவப்பு விளக்கு எரியட்டும். விளக்கு எரியும்போது கதவைத் திறந்தால் மட்டும் ஹூட்டர் அடிக்கும்படி கதவில் ஒரு சுவிட்ச் வையுங்கள். 30,000 தொட்டால் கதவு எப்படி இருந்தாலும் அடிக்கட்டும். ரிலேவை எப்போதும் மின்சாரம் பிடித்திருக்கும்படி இணைக்கச் சொல்லுங்கள். கருவி செத்தாலோ ஒயர் அறுந்தாலோ அதுவே அலாரமாக வரும். கருவி திரைக்கு அனுப்பும் 4-20 மில்லி ஆம்பியர் சிக்னலில் 4 என்றால் பூஜ்ஜியம், 4-க்குக் கீழே இறங்கினால் கோளாறு. கோளாறையும் பூஜ்ஜியம் என்று காட்டுகிற மலிவான திரையை வாங்காதீர்கள். கரண்ட் போனாலும் காய் மூச்சு விடுவதை நிறுத்தாது, ஆகவே கருவிக்குச் சின்ன யுபிஎஸ் ஒன்று அவசியம். உள்ளேயிருந்து கதவைத் திறக்கும் கைப்பிடியை இதோடு சேர்த்தே பாருங்கள்; எண்ணெய் போடாமல் இறுகிக் கிடக்கும் கைப்பிடி இல்லாததற்குச் சமம்.

எக்ஸாஸ்ட் குழாயைக் கூரைக்கு மேலே கொண்டுபோங்கள். அம்மாபேட்டைத் தெருக்கள் எவ்வளவு நெருக்கம் என்று உங்களுக்குத் தெரியும். பக்கத்துச் சந்தில் விட்டால் அந்தக் குளிர்ந்த கனத்த காற்று தரையோடு தரையாகத்தான் நகரும். அடுத்த வீட்டில் குழித்தறியில் கால் வைத்து ஒருவர் நெய்துகொண்டிருக்கலாம்.

இனி கேலிபரேஷன், அதாவது கருவி காட்டும் அளவைச் சரிபார்த்துத் திருத்துவது. உங்கள் எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுக்கொரு முறை முத்திரை வைக்க அதிகாரி வருகிறார். எடை தவறினால் வியாபாரியும் விவசாயியும் அன்றே சண்டைக்கு வருவார்கள். வாயுக் கருவிக்கு அப்படித் தேடிவந்து கேட்கிறவர் யாரும் இல்லை, அது தவறினால் அன்றே தெரியவும் தெரியாது. புதிய என்டிஐஆர் கருவிகள் பலவற்றில் தானே ஜீரோ போட்டுக்கொள்ளும் வசதி ஒன்று இருக்கிறது. சில நாட்களில் தான் பார்த்த மிகக் குறைந்த அளவு எதுவோ அதுதான் சுத்தமான வெளிக்காற்று, 400 பிபிஎம், என்று முடிவு செய்து மற்ற அளவுகளை அதற்கேற்ப நகர்த்தும். இரவில் காலியாகும் அலுவலகத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இது பொருந்தும். மாங்காய்ப் பருவம் முழுக்க லோடு மேல் லோடாக நிறைந்தே கிடக்கும் சேம்பரில் சுத்தமான காற்று எப்போது வரும்? அங்கே மிகக் குறைந்த அளவே 3,000 என்றால், அதை 400 என்று எழுதிக்கொள்ளும். பெட்டியைத் தட்டில் வைத்தபடியே தராசுக்கு ஜீரோ அழுத்துவது போன்ற வேலை இது. சேம்பரில் நான் கண்ட கோளாறுகளில் இதைத்தான் மிக ஆபத்தானது என்பேன், ஏனென்றால் கருவி ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும், எண்ணும் மாறிக்கொண்டிருக்கும், யாருக்கும் சந்தேகம் வராது. மாட்ட வருகிறவரிடம் முதலில் அந்த வசதியை அணைக்கச் சொல்லுங்கள். அணைக்க முடியாத கருவி என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அணைத்துவிட்டால் ஜீரோவும் (வாயு இல்லாதபோது காட்டும் எண்), ஸ்பானும் (அளவு தெரிந்த வாயுவுக்குக் காட்டும் எண்) கையால் பார்த்தாக வேண்டும். ஜீரோவுக்குச் சிலிண்டரில் அடைத்த சுத்த நைட்ரஜன். வெளிக்காற்றை ஜீரோ என்று வைத்துக்கொள்வது தொடக்கத்திலேயே 400-ஐ விழுங்கும் வேலை. ஸ்பானுக்கு நைட்ரஜனில் அளவாகக் கலந்த கார்பன் டை ஆக்சைடு. 5 சதவீதக் கருவிக்கு இரண்டு அல்லது இரண்டரை சதவீதக் கலவை சரியாக இருக்கும். சிலிண்டரோடு பகுப்பாய்வுச் சான்றிதழ் வர வேண்டும், அதில் காலாவதித் தேதி இருக்கும், அதைப் படியுங்கள். சோடாக் கடைச் சிலிண்டரும் தீயணைப்புச் சிலிண்டரும் இதற்கு உதவாது, அவற்றில் இருப்பது கலப்பில்லாத முழு வாயு. கருவிக்கு மின்சாரம் கொடுத்த உடனே தொடாமல் கையேட்டில் சொன்ன நேரம் சூடாக விடுங்கள். கேலிபரேஷன் மூடியை சென்சாரில் பொருத்தி, கையேட்டில் சொன்ன வேகத்தில், பெரும்பாலும் நிமிடத்துக்கு அரை லிட்டர், வாயுவை விடுங்கள். வேகத்தைக் கூட்டினால் உள்ளே அழுத்தம் ஏறி அளவும் ஏறும். எண் அசையாமல் நிற்கும்வரை பொறுங்கள்.

அப்போது எதையும் திருத்தும் முன், கருவி என்ன காட்டியது என்பதை ஒரு நோட்டில் எழுதுங்கள். இது மிக முக்கியம், பலரும் விட்டுவிடுவதும் இதைத்தான். 20,000 பிபிஎம் வாயுவுக்கு 14,000 காட்டிய கருவியைத் திருத்திவிட்டு “சரி செய்யப்பட்டது” என்று மட்டும் எழுதினால், கடந்த சில மாதங்கள் உங்கள் ஆட்கள் பொய்யான எண்ணை நம்பி உள்ளே போய்வந்தார்கள் என்ற செய்தி அழிந்துவிடும். எழுதி வைத்தால், அடுத்த சோதனையை ஆறு மாதம் தள்ளாமல் ஒரே மாதத்தில் செய்ய வேண்டும் என்று அந்த எண்ணே சொல்லும். வேலை நடக்கும்போது அலாரத்தை நிறுத்தி வைப்பார்கள். முடிந்ததும் அதைத் திரும்ப இயக்கினார்களா என்று பக்கத்தில் நின்று நீங்களே பாருங்கள். பிறகு கொஞ்சம் வாயு விட்டு, சிவப்பு விளக்கும் ஹூட்டரும் உண்மையிலேயே வேலை செய்வதைக் கண்ணால் பார்த்த பின் கையெழுத்துப் போடுங்கள்.

கருவியைக் கழற்றி வேறு ஊருக்கு அனுப்பிச் சரிபார்த்து வாங்குவதை நான் விரும்புவதில்லை. காற்றழுத்தம் மாறினால் இந்தக் கருவியின் அளவும் மாறும். சேலம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் அளவில் இருப்பதால், கடல் மட்டத்து ஊரில் சரிபார்த்த கருவிக்கு வித்தியாசம் மூன்று சதவீதம் போலத்தான். அதே கருவியைத் திருத்தாமல் ஏற்காட்டில் மாட்டினால் 5,000 இருக்கும் இடத்தில் 4,200 போலக் காட்டும். அது ஒருபுறம் இருக்க, ஒயர், ரிலே, விளக்கு, ஹூட்டர் எல்லாம் சேர்ந்ததுதான் உங்கள் பாதுகாப்பு. சென்சாரை மட்டும் மேசையில் வைத்துப் பார்த்தால் மீதி எதையும் பார்த்ததாகாது.

எத்தனை நாளுக்கொரு முறை என்பதற்குக் கருவியின் கையேடுதான் முதல் விடை. பொதுவாக ஆறு மாதமோ ஓராண்டோ சொல்வார்கள். சேம்பரின் ஈரத்துக்கு அது போதாது என்பது என் கருத்து. பங்குனியில் முதல் லோடு ஏறும் முன் ஒரு முறை, பருவத்தின் நடுவே வைகாசியில் ஒரு முறை முழுக் கேலிபரேஷன். ஆடிக்குப் பிறகு வாழைப்பழத்துக்கு ஓட்டுகிறவர்கள் ஐப்பசியிலும் பார்த்துவிடுங்கள். இடையில் வாரம் ஒரு நாள் சிலிண்டரிலிருந்து கொஞ்சம் வாயு காட்டி, எண் ஏறுகிறதா, எவ்வளவு நேரத்தில் ஏறுகிறது என்று பார்த்தால் போதும். வாயால் ஊதிப் பார்க்கும் பழக்கமும் இருக்கிறது. நாம் விடும் மூச்சில் ஏறக்குறைய நான்கு சதவீதம் கார்பன் டை ஆக்சைடு உண்டு, எண் ஏறத்தான் செய்யும். கருவிக்கு உயிர் இருப்பது அதில் தெரியும், சரியாகச் சொல்கிறதா என்பது தெரியாது. தவிர, வாயின் ஈரம் கண்ணாடியில் படியும்.

சென்சார் முகத்தில் இருக்கும் வடிகட்டியைக் கவனியுங்கள். தூசி, மாங்காய்ப் பால், பூஞ்சணம் படிந்து அது அடைத்தால் அறையில் ஏறிய வாயு கருவிக்குள் நுழைய நேரமாகும். அறை 30,000-இல் இருக்கும்போது திரை அமைதியாக 6,000 காட்டிக்கொண்டிருக்கும். அறையைக் கழுவும்போது சென்சாருக்கு ஒரு மூடி போடச் சொல்லுங்கள். கழுவி முடித்ததும் அதை எடுக்கிற பொறுப்பை ஒருவர் பெயரில் எழுதி வையுங்கள்.

பழைய ஆட்கள் கிணற்றில் இறங்கும் முன் அரிக்கேன் விளக்கை இறக்கிப் பார்த்ததைச் சொல்வார்கள். விளக்கு அணைந்தால் இறங்கக் கூடாது என்பது சரி. விளக்கு எரிந்தால் இறங்கலாம் என்பது தவறு. கார்பன் டை ஆக்சைடு நிறையச் சேர்ந்தால்தான் சுடர் அணையத் தொடங்கும், மனிதன் அதற்கு முன்பே தள்ளாடுவான். எத்திலீன் விடும் அறைக்குள் தீக்குச்சியே கூடாது என்பது வேறு. கிணற்றுச் செய்திகளில் நாம் மீண்டும் மீண்டும் படிப்பது, ஒருவர் விழுந்தார், தூக்கப் போனவர் விழுந்தார், அவரைத் தூக்கப் போனவரும் விழுந்தார் என்பதுதான். சேம்பரிலும் அதுவே நடக்கும். உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தால் கதவை முழுக்கத் திறந்து, எக்ஸாஸ்ட்டைப் போட்டு, 101-க்கும் 108-க்கும் சொல்லுங்கள். மூச்சுக் கருவி இல்லாமல் யாரும் பின்னாலேயே ஓடக் கூடாது. தம்பி விழுந்து கிடக்கும்போது அண்ணனை நிறுத்தி வைப்பது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். அந்த நிலை வராமல் தடுப்பதற்குத்தான் கதவுக்கு வெளியே எண் வேண்டும் என்கிறேன்.

இந்த வாயு சத்தமின்றிக் கொல்லும் என்பதற்கு ஓர் உதாரணம்: 1986 ஆகஸ்ட் 21 இரவு ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டில் நியோஸ் என்ற ஏரியின் அடியில் கரைந்திருந்த கார்பன் டை ஆக்சைடு ஒரேயடியாகப் பொங்கி வெளியேறிப் பள்ளத்தாக்குகளில் இறங்கியது. 1,700-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பலர் தூக்கத்திலேயே. நெருப்பில்லை, வெடிப்பில்லை, வீடுகள் அப்படியே நின்றன. அறிவியலாளர்கள் பிறகு ஏரிக்குள் குழாய் இறக்கி, வாயு சேரச்சேர மேலே விட்டுக் கரைக்க ஏற்பாடு செய்தார்கள். பயிர்களும் காய்களும் நாமும் விடுகிற இதே வாயுதான் அது. அளவு தெரியாமல் அதற்குப் பக்கத்தில் வாழ்வதுதான் ஆபத்து.

கடைசியாகக் கூலியைப் பற்றி. சிவப்பு விளக்கு எரிந்தால் கதவைத் திறந்து எக்ஸாஸ்ட்டை ஓடவிட்டுக் காத்திருக்க வேண்டும். மணிக்கு 500 கன மீட்டர் இழுக்கும் விசிறி இருந்தால் முன்பு சொன்ன 50 கன மீட்டர் அறை 30,000-லிருந்து 5,000-க்கு இறங்கப் பன்னிரண்டு, பதின்மூன்று நிமிடம் ஆகும். அடுக்குகளுக்கு இடையே தேங்கியதும் வெளியேற இருபது என்று வையுங்கள். கிரேட் கணக்கில் கூலி வாங்குகிறவருக்கு அந்த இருபது நிமிடம் நஷ்டம். வெளியே லாரி நிற்கிறது, டிரைவர் அவசரப்படுத்துகிறார், எண் 9,000-இல் இருக்கிறது. நஷ்டம் அவர் தலையில் விழும்வரை அவர் உள்ளே போகத்தான் செய்வார், நீங்கள் எவ்வளவு நல்ல கருவி மாட்டியிருந்தாலும். ஆகவே இந்தப் பருவத்துக்குக் கூலி பேசும்போதே காத்திருக்கும் நேரத்துக்கும் சேர்த்துப் பேசுங்கள். எண் 5,000-க்கு மேல் இருக்கும்போது உள்ளே போக மாட்டேன் என்று நிற்கிற ஆளுக்கு அன்றைய கூலியில் ஒரு ரூபாய் குறையாது, மறுநாள் வேலையும் போகாது என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிடுங்கள். சொன்னதைக் கதவில், அந்தத் திரைக்குப் பக்கத்தில், கடைசியாகக் கேலிபரேஷன் செய்த தேதியோடு சேர்த்துத் தமிழில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
அம்மாபேட்டையிலிருந்து ஒரு கருவிப் பராமரிப்பாளர்